சொன்னதாக எழுதப்பட்டது

"தெமள மிஸ் கோ?"

தமிழ் மிஸ் எங்கே என்று அர்த்தம். இந்தக் கூப்பாட்டுக்கு ஓடி ஓடி எனக்கு இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. உண்மையில் நான் மிஸ்ஸும் இல்லை, தாதியும் இல்லை. மாத்தளை மாவட்டத்தில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில், கிளினிக்குக்கு வருகிறவர்களுக்கு நம்பர் கொடுத்து, கொப்பி எழுதி, ஃபைல் தேடிக் கொடுக்கும் கிளாக். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப் போவதில்லை. பிழை கட்டிடத்தினுடையது அல்ல, என்னுடையது.

என் அப்பா வடக்கிலிருந்து அரசாங்க வேலைக்காக இங்கே வந்தவர். நான் பிறந்தது மாத்தளையில். வீட்டுக்குள் யாழ்ப்பாணத் தமிழ், வெளியே மலையகத் தமிழ், பள்ளிக்கூடத்து மதிலுக்கு அந்தப் பக்கம் சிங்களம் என்று வளர்ந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. டொக்டர்மார் பெரும்பாலும் சிங்களவர்கள். இரத்தோட்டைக்கு மேலே தேயிலைத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்களுக்குக் கருவாடும் மிளகாய்த்தூளும் வாங்கப் போதுமான சிங்களம் இருக்கும். வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்ல அது போதாது. மொழிபெயர்க்கவென்று ஓர் ஆள் கிடையாது. கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு நான் போய் நிற்பேன்.

நான் நல்ல வேகம் என்று எல்லா டொக்டர்மாரும் சொல்வார்கள். வேகத்தின் ரகசியம் சுருக்குவதுதான். டொக்டர் ஐந்து வாக்கியம் சொன்னால் நான் ஒன்று சொல்வேன். நோயாளி ஊர்க்கதை எல்லாம் சொன்னால் நான் டொக்டரிடம் "மூன்று நாளாக வலி" என்பேன். சில கேள்விகளை நோயாளியிடம் கேட்பதே இல்லை. தோட்டத்திலிருந்து வந்த ஆம்பிளை என்றால், குடிப்பாரா என்று டொக்டர் கேட்டு முடிப்பதற்குள் "ஓவ் சேர், டிக்கக்" என்று நானே பதில் சொல்லிவிடுவேன். ஆமாம், கொஞ்சம் என்று. அந்த மனுஷன் என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார். இதை எழுதும்போது என் காது சூடாகிறது.

அப்படி ஒரு நாள் வந்தவர்கள்தான் அந்தப் புருஷனும் பெண்சாதியும்.

அவருக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். மஞ்சள் காமாலை என்று ஒரு வாரம் வார்ட்டில் இருந்துவிட்டு, டிஸ்சார்ஜ் துண்டு வெட்டி வீட்டுக்குப் போய், ரத்த ரிப்போர்ட்டோடு கிளினிக்குக்கு வந்திருந்தார். கண் வெள்ளை இன்னும் மஞ்சளாகத்தான் இருந்தது. பெண்சாதி எட்டு மாதக் கர்ப்பிணி, முதல் பிள்ளை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாங்கில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அந்த நாட்களில் அவர்களுடைய லயத்து வரிசை வீடுகளில் நாலைந்து பிள்ளைகளுக்கும் காமாலை வந்திருந்தது. பீலியில் வரும் மலைத் தண்ணீர் கெட்டுப்போனதால் வந்த வேறு காமாலை அது. வந்த வழியே போய்விடும் வகை. இவருக்கு வந்திருந்தது ஹெபடைட்டிஸ் பி. வெளியே இரண்டுக்கும் ஒரே மஞ்சள் நிறம்தான். லயத்து ஆட்கள் எல்லாம் ஒன்று என்றே நினைத்திருந்தார்கள். கூட வந்த பக்கத்து வீட்டுக் காம்பிராக்காரர்கள் இரண்டு பேர் கதவடியில் நின்றுகொண்டிருந்தார்கள்.

அப்போதிருந்த டொக்டர் நல்ல மனுஷன். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு வரிசையாகக் கேட்டார். குடிப்பாரா? வழக்கம்போல நானே பதில் சொன்னேன். ரத்தம் ஏற்றியதுண்டா, வெளியே எங்கேயாவது ஊசி போட்டதுண்டா? கேட்டேன், இல்லை என்றார். பச்சை குத்தியிருக்கிறாரா? கேட்டேன். சட்டைக் கையை மடித்து முன்கையைக் காட்டினார். ஒரு சின்ன வேல். கொழும்பில் கடையொன்றில் வேலை செய்தபோது, மூன்று நாலு மாதத்துக்கு முன்னால் குத்தினாராம். அதை ஒழுங்காகச் சொன்னேன். பிறகு டொக்டர், சோறு சாப்பிட்டாரா என்று கேட்பது போலவே சாதாரணமாக, வேறு பெண்களோடு தொடர்பு உண்டா என்று கேட்டார்.

நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். கதவடியில் நின்றவர்களைப் பார்த்தேன். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "வேற ஏதும் பழக்கம் இருக்கா?" என்று கேட்டேன்.

"வெத்தில போடுவேங்க மிஸ்," என்றார் அவர்.

"நே சேர்," என்று டொக்டரிடம் சொன்னேன், இல்லை என்று.

அந்தக் கிருமி அவருக்கு எதிலிருந்து வந்தது என்று இன்றுவரை யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. நான் கேட்கவில்லையே.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. டொக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி, அவளுக்கு விளங்காது என்று தெரிந்தும் அவள் முகத்தைப் பார்த்தே பேசினார். உன் புருஷனுக்கு இது அநேகமாகத் தானாகவே போய்விடும், வளர்ந்தவர்களின் உடம்பு இந்தக் கிருமியை எதிர்த்து விரட்டிவிடும் என்றார். ஆனால் இது புருஷனிடமிருந்து பெண்சாதிக்குத் தொற்றும்; உனக்கு வந்திருந்தால் பிரசவத்தின்போது பிள்ளைக்குப் போகும்; பச்சைக் குழந்தைக்குப் போனால் திரும்பி வெளியே வராது, ஈரலிலேயே தங்கிவிடும், வளர வளர ஈரலைக் கெடுக்கும் என்றார். அதனால் இன்றைக்கே நீ ரத்தம் கொடுக்க வேண்டும், கிருமி இருக்கிறது என்று தெரிந்தால் பிள்ளை பிறந்த அன்றைக்கே ஊசி போட்டுத் தடுக்கப் பார்க்கலாம் என்றார். சொல்லிவிட்டு ரத்தப் பரிசோதனைக்குத் துண்டு எழுதி அவள் கையில் கொடுத்தார்.

எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. விளங்காமல் போய்விட்டது என்று சொல்லித் தப்ப எனக்கு வழியில்லை.

சிங்களத்தில் நான் எதையும் கூசாமல் சொல்லிவிடுவேன். அதே விஷயத்தைத் தமிழில் சொல்லப் போனால், அம்மா பக்கத்து அறையில் கேட்டுக்கொண்டிருப்பது போல நாக்கு ஒட்டிக்கொள்ளும். புருஷன் பெண்சாதி சேர்ந்திருப்பதால் தொற்றும் என்று, அந்த ஆம்பிளைக்கும் வாசலில் நிற்பவர்களுக்கும் கேட்க, என் வாயால் எப்படிச் சொல்வது? அது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை இத்தனை வருடம் எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. இவர்களுக்கு இதெல்லாம் எங்கே விளங்கப் போகிறது என்று நினைத்தேன். தோட்டத்து ஆட்கள்தானே என்று நினைத்தேன். என் சொந்தத் தங்கச்சியாக இருந்தால் வெளியே கூட்டிக்கொண்டு போய்க் காதோடு காதாகவாவது சொல்லியிருப்பேன். அவளுக்காக நாலு அடி நடக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே பூசி மெழுகினேன். "ஒண்ணும் பயப்பட வேணாம். ஒங்க ஊட்டுக்காரருக்கு சரியாப் போயிரும்னு டொக்டர் சொல்றாரு. தண்ணியாலதான் இதெல்லாம் வரும். இனிமே தண்ணியக் கொதிக்க வச்சுக் குடிங்க."

டொக்டர் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அவள் கையிலிருந்த துண்டைக் காட்டி, "இதுக்கு இன்னைக்கே ரத்தம் குடுக்கணுமா மிஸ்?" என்று கேட்டாள். ரத்தம் எடுக்கும் இடத்தில் வரிசை வெளி வாசல்வரை நின்றது. பகல் பஸ்ஸை விட்டால் மேலே ஏற அவர்களுக்கு அந்தியாகிவிடும். நிறைமாதக்காரியை நிற்க வைப்பானேன் என்று எனக்குப் பெரிய இரக்கம் வந்துவிட்டது.

"அவசரமில்ல. புள்ள பொறந்த பொறகு வசதிப்பட்டா வந்து குடுங்க," என்றேன்.

அவள் முகம் தெளிந்துவிட்டது. "நீங்க இருந்தது எம்புட்டு நல்லதாப் போச்சு மிஸ்," என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

"கிவ்வத?" என்று டொக்டர் கேட்டார், சொல்லிவிட்டாயா என்று.

"கிவ்வா சேர்," என்றேன். அவர் ஃபைலில் எழுதினார். நான் அடுத்த நம்பரைக் கூப்பிட்டேன்.

அதற்குப் பிறகு அவர்களை நான் ஒரு தடவைகூட நினைக்கவில்லை. இரவெல்லாம் தூங்காமல் தவித்தேன் என்று எழுத ஆசைதான். நன்றாகத் தூங்கினேன். அந்த டொக்டர் அடுத்த வருடம் இடமாற்றம் கிடைத்துப் போய்விட்டார். அந்தப் புருஷனுக்குக் கண் வெளுத்திருக்கும், பசி எடுத்திருக்கும், நோய் போய்விட்டது என்று நினைத்திருப்பார்கள். யாரும் திரும்பி வரவில்லை. வராதவர்களை யார் தேடினார்கள்?

ஏழு வருடம் கழித்து, போன வருடத்தில் ஒரு நாள் அதே கூப்பாடு. இப்போதிருக்கும் டொக்டர் ஒரு இளம் பெண். எதிரே ஒரு தாயும் ஏழு வயதுப் பெண்பிள்ளையும். பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டையோடு அந்தப் பிள்ளை மேசைக் கண்ணாடியில் விரலால் ஏதோ வரைந்துகொண்டிருந்தது. காய்ச்சல் என்று வார்ட்டில் நிறுத்தியபோது, டெங்குவாக இருக்குமோ என்று ரத்தம் பார்த்திருக்கிறார்கள். டெங்கு இல்லை. ஆனால் ஈரல் பரிசோதனையில் அளவு கூடியிருந்தது. காய்ச்சல் போய் மாதங்களாகியும் அது இறங்கவில்லை. காரணம் தேடிப் பார்த்ததில் ஹெபடைட்டிஸ் பி. நெடுநாளாகவே உள்ளே இருக்கிறதாம்.

தாய் என்னைப் பார்த்ததும் சிரித்தாள். "மிஸ், நீங்களா! அப்ப எங்க ஊட்டுக்காரருக்குக் காமால வந்தப்ப நீங்கதானே எல்லாம் வெளங்கப்படுத்துனீங்க. தெரிஞ்ச மொகத்தப் பாத்ததும்தான் எனக்கு உசுரே வந்திச்சு."

முதலில் எனக்கு நினைவு வரவில்லை. பிறகு வந்தது. நான் அந்தப் பிள்ளையைப் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை.

தகப்பனுக்குக் காமாலை வந்த விவரத்தை டொக்டர் கேட்டார். இரண்டு வாரத்தில் தாயும் தகப்பனும், இவளுக்குப் பிறகு பிறந்த மகனும் ரத்தம் கொடுத்த ரிப்போர்ட்டோடு வர வேண்டும் என்றார். என் பக்கம் திரும்பி, தகப்பனின் பழைய ஃபைலைத் தேடி எடுங்கள் என்றார்.

தேடினேன். மேல் தட்டில், தூசியைத் தட்டினால் முழுசாக இருந்தது. அந்த நல்ல மனுஷனின் கையெழுத்தில் இரண்டு விஷயம் தெளிவாக எழுதியிருந்தது. ஒன்று, நோயாளி மதுப் பழக்கம் உள்ளவர். மற்றது, தொற்றும் விதமும் குழந்தைக்குள்ள ஆபத்தும் மனைவிக்குத் தமிழில் விளக்கப்பட்டது, ரத்தம் கொடுக்க ஒப்புக்கொண்டார். நின்றபடியே மூன்று தடவை வாசித்தேன். ஃபைலைத் திரும்ப அதே இடத்தில் செருகினேன். டொக்டரிடம் போய், அந்த வருடத்து ஃபைல் எல்லாம் கறையான் அரித்துவிட்டது மெடம், கிடைக்கவில்லை என்றேன். அவர் நம்பினார். என்னை நம்புவது எல்லாருக்கும் அவ்வளவு சுலபமாக இருந்தது.

வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். அவர் ஓய்வு பெற்ற வாத்தியார், என்னைப் போலவே வடக்கத்திக் குடும்பம். "நீர் என்ன டொக்டரே? அவர் துண்டு எழுதிக் குடுத்தவர், இவை போய் ரத்தம் குடுக்கேல்லை. உம்மில என்ன பிழை?" என்றார். இதைக் கேட்கத்தான் அவரிடம் சொல்லியிருக்கிறேன் போல. ஆனால் கேட்டதும் சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். நான் ஏழு வருடத்துக்கு முன்னால் நினைத்ததையேதான் அவரும் நினைத்தார். "இவை", இந்த ஆட்கள், என்று சொல்லும்போது குரல்கூட அதே குரல்.

இரண்டு வாரம் கழித்து, இது ஒன்று மட்டும் தப்பியிருந்தது மெடம் என்று சொல்லி ஃபைலை எடுத்துக்கொண்டு போய் மேசையில் வைத்தேன். மனசாட்சி குத்தியதால் என்று நினைத்துவிட வேண்டாம். பழைய ஃபைல்களை ஒழுங்கு பண்ண வேறொரு கிளாக்கைப் போட்டிருந்தார்கள். அவள் கண்ணில் அது பட்டால் நான் சொன்ன கறையான் கதை கெட்டுவிடும் என்ற பயம்தான்.

ரிப்போர்ட்டுகள் வந்திருந்தன. தகப்பனுக்குக் கிருமி வந்து போயிருந்தது. தாய்க்கும் வந்து போயிருந்தது, ஒரு நாள்கூடப் படுக்காமல். பிறகு பிறந்த மகனுக்கு ஒன்றுமில்லை. டொக்டர் எனக்கும் சேர்த்துத்தான் விளக்கினார் போல. கிருமி தங்குமா போகுமா என்பது எந்த வயதில் வந்தது என்பதைப் பொறுத்தது என்றார். பெரியவர்கள் அநேகமாகத் தப்பிவிடுவார்கள், பிறக்கும்போது வாங்கிய குழந்தை அநேகமாகத் தப்பாது. உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் அது தங்கிவிடலாம். தங்கிய பிறகு குடித்தாலோ, வேறு கிருமிகளும் சேர்ந்தாலோ ஈரல் சீக்கிரம் சுருங்கும். இந்தப் பிள்ளைக்கு இரண்டு மாதத்தில் போடும் ஊசி போட்டிருக்கிறார்கள், ஆனால் அதற்குள் கிருமி உள்ளே போய்விட்டது, பிறந்த அன்றே போட்டிருக்க வேண்டும் என்றார்.

பிறகு ஃபைலைத் திறந்தார். "தகப்பன் இன்னும் குடிக்கிறாரா, கேளுங்கள்."

முதல் தடவையாக அந்தக் கேள்வியைக் கேட்டேன். அவள் திகைத்துப்போனாள். "அவரா? மோந்துகூடப் பாத்ததில்லீங்க மிஸ். அவங்கப்பா குடிச்சே செத்தாரு. அதனால தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணுனவரு. யாரு சொன்னது அப்பிடி?"

நான் டொக்டரிடம், குடிப்பதே இல்லையாம் என்றேன். அவர் புருவத்தை உயர்த்திவிட்டு அடுத்த வரிக்குப் போனார். வாசித்ததும் முகம் கடுத்துவிட்டது.

"எல்லாம் விளக்கியிருக்கிறார்களே. தமிழில் சொன்னதாக எழுதியிருக்கிறது. சொன்னாலும் கேட்பதில்லை இந்த ஆட்கள், பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். ஏன் ரத்தம் கொடுக்கவில்லை என்று கேளுங்கள்."

கேட்டேன். ஆமாம், அதையும் அவளிடம் கேட்டேன். "அப்ப டொக்டர் சொன்ன மாதிரி ஏன் செய்யலன்னு கேக்குறாங்க."

"செஞ்சேனே மிஸ்," என்றாள். அவள் குரலில் கோபமே இல்லை, என்னைச் சாட்சிக்குக் கூப்பிடுவது போல இருந்தது. "நீங்கதானே தண்ணியக் கொதிக்க வைக்கச் சொன்னீங்க. இன்னைக்கு வரைக்கும் புள்ளைக்குப் பச்சத் தண்ணி குடுத்ததில்ல. வெறகு இல்லாத நாள்லகூட பக்கத்து ஊட்டுல கேட்டு வாங்கிக் கொதிக்க வச்சிருக்கேன். ஸ்கூலுக்கும் போத்தல்ல அதத்தான் குடுத்து அனுப்புறேன். ரத்தம் புள்ள பொறந்த பொறகு குடுக்கலாம்னீங்க. கைப்பிள்ளயத் தூக்கிட்டு வர முடியல, ஒரு நாள் வேலைக்குப் போகலன்னா அன்னைக்குப் பேரு விழாது, சம்பளமும் இல்ல. அது மட்டுந்தான் மிஸ் நான் செய்யல. சொல்லுங்க டொக்டரம்மாகிட்ட."

"என்ன சொல்கிறாள்?" என்றார் டொக்டர்.

நான் வாயைத் திறந்தேன். பழைய பழக்கம் தயாராக இருந்தது. மறந்துவிட்டாளாம் மெடம் என்று ஒரு வாக்கியத்தில் முடித்துவிடலாம். அவளுக்கு விளங்காது, டொக்டருக்கும் தெரியாது. அந்தப் பிள்ளை வரைவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அவளுக்கு ஒன்றும் சொல்லப்படவில்லை மெடம்," என்றேன் சிங்களத்தில். "அன்றைக்கு மொழிபெயர்த்தது நான். டொக்டர் எல்லாம் சொன்னார். நான்தான் சொல்லவில்லை. தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சொன்னேன். குடிப்பார் என்றதும் நான்தான். அவரிடம் கேட்கவே இல்லை."

டொக்டர் ஃபைலை மூடினார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பாரம் கொஞ்சம் இறங்கியிருக்கும். "அதை அவளிடமும் சொல்லுங்கள்," என்றார்.

சொன்னேன். இது தண்ணீரால் வருவதில்லை என்று சொன்னேன். புருஷனிடமிருந்து உங்களுக்கும் உங்களிடமிருந்து பிள்ளைக்கும் எப்படி வந்தது என்று சொன்னேன். அன்றைக்கு வாய் கூசிய சொற்கள் எல்லாம் சாதாரணமாகத்தான் வெளியே வந்தன, ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. பிறந்த அன்றே ஊசி போட்டிருந்தால் அநேகமாகத் தடுத்திருக்கலாம், அன்றைக்கே ரத்தம் கொடுக்கச் சொல்லித்தான் டொக்டர் சொன்னார், நான் மாற்றிச் சொன்னேன் என்றும் சொன்னேன். "மன்னிச்சுக்கங்க" என்றும் சொன்னேன். அந்தச் சொல் மட்டும் எனக்கே வெறுமையாகக் கேட்டது.

அவள் அழவில்லை. பிள்ளையின் தலையில் கையை வைத்துக்கொண்டு, நான் சொன்னதை உள்ளே வரிசைப்படுத்துகிறவள் போல உட்கார்ந்திருந்தாள். நான் வசவுக்காகக் காத்து நின்றேன். அவள் சொன்னது வேறு.

"டொக்டரம்மாகிட்ட ஒண்ணு கேளுங்க. தமிழ் தெரிஞ்ச வேற ஆள் யாரும் இங்க இல்லையான்னு கேளுங்க."

அதை ஒரு சொல் குறையாமல் சிங்களத்தில் கேட்டேன். டொக்டர் என்னைப் பார்த்தார், பிறகு மேசையைப் பார்த்தார். இல்லை என்றார்.

"இல்லையாம்," என்றேன்.

அவள் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "அப்ப நீங்களே சொல்லுங்க," என்றாள். "இனிமே என்ன செய்யணும்னு."

டொக்டர் பேசத் தொடங்கினார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ரத்தம், வருடத்துக்கு ஒரு ஸ்கேன், எப்போது மருந்து தொடங்க வேண்டும், பிள்ளை பெரியவளானால் குடி மாதிரி எதையெல்லாம் தொடக்கூடாது, அவளுக்கு ஒரு பிள்ளை பிறக்கும் நாள் வந்தால் அன்றே என்ன செய்ய வேண்டும். ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. விளங்காத சிங்களத்தைப் பேசிக்கொண்டிருந்த டொக்டரின் வாயையே கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.